லாச்சப்பலோட நிண்டிடாதேங்கோ

ஆவணி (ஓகஸ்ட்) லீவு கிட்டுதெல்லே, இந்தமுறை வந்த கேள்வியள் முக்கால்வாசி பயணக் கேள்வியள்தான். அதுவும் எல்லாம் பரிஸ்.

கேள்வி: தம்பி பரிசில 20 வருசமா இருக்கிறான். விசா வந்திட்டுது, ஆவணியில போறன். ஒரு மாதம் நிப்பன், ஆனா அவனுக்கு நாலு நாள்தான் லீவு. அதுக்குள்ள என்னத்தைப் பாக்கலாம் அக்கா? எனக்கு 58 வயசு, முழங்கால் நோவும் இருக்கு.
வாசகி, மல்லாவி

பதில்: தங்கச்சி, முதல் என்ர கதையைக் கேளுங்கோ. நான் முதல்தரம் போனது ஒரு கலியாணவீட்டுக்கு, 17 நாள் நிண்டன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டில சாப்பாடு, எல்லா வீட்டிலயும் அதே புட்டு அதே ஆட்டிறைச்சிக் கறி, இடையில ரெண்டு மூண்டு தரம் லாச்சப்பல், அதுதான் பரிசில எங்கட தமிழ்க் கடைத்தெரு. ஈபிள் ரவரைப் பாத்தது கார் கண்ணாடிக்குள்ளால, அதுவும் மழைக்குள்ள. ஊருக்கு வந்தாப்பிறகு சனம் "பரிஸ் எப்பிடி" எண்டு கேக்க எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை. அதால தம்பியிட்ட இப்பவே சொல்லி வையுங்கோ, அந்த நாலு நாளும் ஒருத்தற்ற வீட்டுக்கும் விருந்துக்குப் போறேல்லை எண்டு.

ஒரு நாளைக்கு ரெண்டு இடம் காணும். முழங்கால் நோ எண்டா மெற்றோவை நம்பாதேங்கோ, வேகம்தான், ஆனா கனக்க ஸ்டேசனில லிப்ட் இல்லை, படி ஏறி இறங்கியே களைச்சுப் போவியள். பஸ்ஸில போங்கோ. ரிக்கெற்றும் மெற்றோவைவிடக் கொஞ்சம் மலிவு, யன்னலால ஊரையும் பாத்துக்கொண்டு போகலாம்.

ஈபிள் ரவருக்குப் பகலில போய் வெயிலுக்க லைனில நிக்காதேங்கோ. 1889இல கட்டினது, 330 மீற்றர் உயரம், ரெண்டாம் தட்டு மட்டும் நடந்து ஏற 674 படி, அது உங்களுக்கு வேண்டாம், லிப்டுக்கு முதலே ஒன்லைனில ரிக்கெற் எடுக்கச் சொல்லுங்கோ. ஏறாட்டியும் பரவாயில்லை. என்னைக் கேட்டா ஏறுறதைவிட எதிர்ப்பக்கம் துறொக்கடேறோவில நிண்டு பாக்கிறதுதான் வடிவு, காசும் இல்லை. ஆவணியில அங்க இருட்டவே ஒம்பது மணியாகும், இருட்டினாப்பிறகு ஒவ்வொரு மணிக்கும் அஞ்சு நிமிசம் முழு ரவரும் மினுங்கும், வெசாக் வெளிச்சமெல்லாம் அதுக்குக் கிட்ட நிக்கேலாது. அண்டைக்கே செய்ன் ஆத்தில படகும் போங்கோ, ஒரு மணித்தியாலம்தான், இருந்த இருப்பில பாதி ஊரைப் பாத்திடலாம், முழங்காலுக்கும் சுகம்.

நோத்ர டாம் தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கோ. 2019 ஏப்ரலில நெருப்புப் பிடிச்சுக் கூரையெல்லாம் போய், 2024 டிசம்பரிலதான் திரும்பத் திறந்தவை. உள்ளுக்குப் போகக் காசில்லை. அதுவும் மாதா கோயில்தான், எங்கட மடுத் திருவிழா நடக்கிற ஆவணி 15 அங்க நாடு முழுக்க லீவு. அண்டைக்குச் சனம் நிரம்பி வழியும், வேற நாளில போறது நல்லம்.

லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை பூட்டு, இதைத் தெரியாமப் போய் வாசலில நிண்டு போட்டோ எடுத்துப்போட்டு வந்த ஆக்களை எனக்குத் தெரியும். மோனா லிசா படம் 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம், எங்கட சாமியறைப் படத்தளவுதான் வரும், அதுக்கு முன்னால நல்லூர்த் தேர் மாதிரிச் சனம். நான் எண்டா ஓர்சே மியூசியத்துக்குத்தான் போவன். அது 1900இல ரயில் ஸ்டேசனாத் திறந்த கட்டடம், பேந்து 1986இல மியூசியமாக்கினவை, பெரிய மணிக்கூடு இன்னும் அப்பிடியே இருக்கு. 23 வருசம் ரயிலே இல்லாம இருந்த கிளிநொச்சி ஆள் நான், ஸ்டேசனுக்குள்ள படம் மாட்டி வைச்சிருக்கிறதைப் பாக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. அது திங்கள் பூட்டு.

மொன்மாத்ர் மேட்டில இருக்கிற வெள்ளைத் தேவாலயத்துக்குப் போகேக்க ஒரு கவனம். கீழ சில பெடியள் கையில கலர் நூலைக் கட்டிப்போட்டுக் காசு கேப்பாங்கள். எங்கட ஆக்கள் கோயிலில ஐயரிட்ட நூல் கட்டிப் பழகின பழக்கத்தில தானாவே கையை நீட்டிப்போடுவினம்! கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நேர நடவுங்கோ. தாலிக்கொடியைச் சட்டைக்குள்ள விடுங்கோ, பாக்கை முன்னால போடுங்கோ.

லாச்சப்பலுக்கு அரை நாள் காணும். ஆவணிக் கடைசியில நிப்பியள் எண்டா மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேரை மட்டும் விட்டிடாதேங்கோ, பரிஸ் றோட்டில மலை மாதிரிக் குவிச்சுத் தேங்காய் உடைக்கிறதை வெள்ளைக்காரரும் வந்து பாப்பினம்.

கேள்வி: மகளுக்கு மான் வத்தல், தேன், கருவாடு, மாங்காய், மோர் மிளகாய் எல்லாம் கட்டி வைச்சிருக்கிறன். கொண்டு போகலாமோ?
வாசகர், முள்ளியவளை

பதில்: ஐயா, மான் வத்தலை எடுத்து வையுங்கோ. இஞ்சையே மான் வேட்டை சட்டவிரோதம், இதுக்குள்ள பிளேனில வேற ஏத்தப் பாக்கிறியள். எந்த இறைச்சியும் பால் சாமானும் ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டினம், அப்ப நெய்யும் மோர் மிளகாயும் கூட இல்லை. கருவாடு பிரச்சினையில்லை, மீன் சாமான் 20 கிலோ மட்டும் விடுவினம், ஆனா மணக்காமக் கட்டுங்கோ, பக்கத்துப் பெட்டிக்காரரும் பாவம். தேன் 2 கிலோ மட்டும் சரி. மாங்காய், கறிவேப்பிலை பயிர்ச் சுகாதாரச் சேர்ட்டிபிக்கற் இல்லாமக் கொண்டு போகேலாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியான் இந்த அஞ்சுக்கும் மட்டும் அந்தச் சேர்ட்டிபிக்கற் தேவையில்லையாம், ஏன் இந்த அஞ்சு எண்டு கேக்காதேங்கோ. மகளுக்கு வன்னித் தேன் ரெண்டு போத்தல் காணும், மற்றதெல்லாம் லாச்சப்பலில கிடக்கு.

கேள்வி: அம்மா மச்சம் சாப்பிடமாட்டா. வெளியில போற நேரம் என்ன குடுக்கிறது?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பேக்கரியில பகெற் பாண் வாங்குங்கோ, ஒரு யூரோ சொச்சம்தான், சுடச்சுடக் கிடைச்சா அம்மா கறியே கேக்கமாட்டா. கடையில இருந்து சாப்பிடுறதெண்டா 12க்கும் 2க்கும் இடையில போயிடுங்கோ, பிந்தினாக் கனக்கக் கடையில குசினியைப் பூட்டிப்போட்டு இரவு ஏழு மணிக்குத்தான் திறப்பினம். போத்தல் தண்ணி வாங்காதேங்கோ, "கராஃப் தோ" எண்டு கேட்டாக் குழாய்த்தண்ணி சும்மா தருவினம். மரக்கறிச் சூப் எண்டாலும் இறைச்சி அவிச்ச தண்ணியோ எண்டு கேட்டுப்போட்டுக் குடுங்கோ. நான் கேக்காமக் குடிச்சிட்டன், அதுவும் வெள்ளிக்கிழமை.

கேள்வி: அங்க என்ன வாங்கினா லாபம்?
வாசகர், கிளிநொச்சி

பதில்: லாபத்துக்கு வாங்க அங்க ஒண்டுமில்லை, ஆசைக்கு வாங்கலாம். ஒவ்வொரு கோப்பி விலையையும் எங்கட ரூபாயாக்கிப் பாத்துக்கொண்டு திரிஞ்சா அந்த ஊரில தண்ணியும் இறங்காது. ஆடித் தள்ளுபடி மாதிரி அங்கயும் ஜூன் கடைசியில சேல் துவங்கும், ஆவணியில போனா முடிஞ்சிருக்கும். கலெறி லஃபயெத் கடைக்கு வாங்கப் போகாம, 1912இல போட்ட கண்ணாடிக் கூரையைப் பாக்கப் போங்கோ, மொட்டை மாடிக்கும் ஏறலாம், காசில்லை. சொக்லேற் வேண்டாம், கட்டுநாயக்காவில இருந்து மாங்குளம் வரேக்க பாணியாப் போடும்.

சென்ற், உடுப்பு எண்டு ஒரே கடையில 100 யூரோவுக்கு மேல வாங்கினியள் எண்டா பாஸ்போட்டைக் காட்டி "டிதாக்ஸ்" பேப்பர் கேளுங்கோ, வரியில ஒரு பங்கு திரும்பி வரும். உங்கட பாஸ்போட்டுக்குத்தான் குடுப்பினம், அங்க இருக்கிற மச்சானுக்கு இல்லை. எயார்ப்போட்டில அந்தப் பேப்பரை மெசினில காட்டிப் பச்சை வந்தாப்பிறகுதான் பெட்டியைக் குடுங்கோ, முதலே பெட்டியைக் குடுத்திட்டா, சாமானைக் காட்டச் சொல்லிக் கேட்டா முழிப்பியள்.