கயிற்றை மாமனாரிடம் கொடுங்கள்

கேள்வி: எங்கள் காக்கர் ஸ்பானியல் நாய்க்குப் பத்து மாதம். தினமும் காலையில் என் கணவர் ஒரு மணி நேரம் பந்து எறிந்து ஓடவிடுகிறார். அப்படியும் அடங்குவதில்லை. காலுறையைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, சோபாவைக் கடித்துக் குதறுகிறது. முன்பு மாமனாரும் வெளியே கூட்டிப் போவார். ஒவ்வொரு செடியிடமும் நின்றுவிடுவார், அரை மணி ஆனாலும் தெருமுனையைத் தாண்ட மாட்டார் என்பதால் அவரை அனுப்புவதில்லை. மாலையிலும் ஓடவிடலாமா? இல்லை, யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

பதில்: வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. இந்த வயதில் ஊறிய பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

மாமனாரை ஏன் நிறுத்தினீர்கள்? தெருமுனையைத் தாண்டவில்லை என்றா? தாண்டியே ஆக வேண்டும் என்று நாய் கேட்டதா? அவரோடு போய்வந்த நாட்களில் அது வீட்டில் எப்படி இருந்தது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நினைத்துப் பாருங்கள். அநேகமாகப் படுத்துத் தூங்கியிருக்கும்.

ஸ்பானியல் என்பது புதருக்குள் புகுந்து, மோப்பம் பிடித்து, பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிடவும், வேட்டைக்காரர் சுட்டதைக் கவ்விக் கொண்டுவரவும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். அதற்கு வேலை மூக்கில். செடிசெடியாக நின்று முகர்வதுதான் அதைக் களைப்பாக்கும். உங்கள் கணவர் என்ன செய்கிறார்? ஒரு மணி நேரம் பந்தை எறிந்து எறிந்து அதை வெறியேற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறார். நாளாக நாளாக அதன் தெம்பு கூடும், இன்னும் அதிக ஓட்டம் கேட்கும். மாலையிலும் ஓடவிட்டால் இதே தொல்லை இரண்டு வேளை. பந்து வேண்டுமானால் நாலைந்து முறை போதும். மற்ற நேரம் நீளக் கயிற்றில் அதன் போக்கில் முகரட்டும்.

சாப்பாட்டையும் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். ஒரு பங்கைப் புல்லில் தூவுங்கள், வீட்டில் அங்கங்கே ஒளித்து வையுங்கள், தேடித் தின்னட்டும். காலுறையைக் கவ்வினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. வேறொன்றைக் காட்டி மாற்றி வாங்குங்கள். அப்புறம் தூக்கம். இளம் நாய்க்கு நாளில் பாதிக்கு மேல் தூக்கம் வேண்டும், தூக்கம் கெட்ட குழந்தை போலத்தான் அதுவும் ஆடும். பகலில் அதை ஓர் அமைதியான மூலையில் விடுங்கள், யாரும் சீண்ட வேண்டாம். தொங்கும் காதுகளையும் அடிக்கடி பாருங்கள். நாற்றமோ சொறிதலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். காது வலிக்கிற நாய் எப்படி அடங்கும்?

கொடுத்துவிடலாமா என்ற கேள்விதான் எனக்குக் கோபம் மூட்டியது. இந்த இனம் சாதாரணமாகப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழும். கொண்டுவந்தவர்கள் நீங்கள், கடைசிவரை பார்க்க வேண்டியவர்களும் நீங்கள்தான். வீட்டில் ஒருவர் மட்டும் அந்த நாய்க்கு வேண்டியதைப் புரிந்தோ புரியாமலோ சரியாகச் செய்துகொண்டிருந்தார். வேகம் போதவில்லை என்று அவரைத்தான் உட்காரவைத்தீர்கள். வயதானவருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருப்பதும் அதைப் பிடுங்குவதும் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

இன்று மாலையே உங்கள் கணவர் தன் அப்பாவிடம் போய்க் கேட்கட்டும். ஏவக்கூடாது, கேட்க வேண்டும். முதல் சில நாட்கள் அவரும் கூடவே போகட்டும், பந்தில்லாமல். நாய் இழுத்துப் பெரியவர் விழுந்துவிடாதபடி அதற்கு மார்புப் பட்டை போடுங்கள். கயிறு மாமனார் கையில் இருக்கட்டும்.