40 பல் கியரை மாற்றியதும் லேத் உறுமினால்

40 பல் கியரை மாற்றியதிலிருந்து லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) உறுமுகிறதே, தேய்மானமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. அமைதியாக ஓடிய லேத், அந்த 40 பல் கியரை மட்டும் மாற்றியதும் உறுமுகிறது என்றால், புதுக் கியரின் மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) மற்ற கியர்களோடு பொருந்தவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். த்ரெட் பிட்ச் (வெட்டும் மரைகளுக்கு இடையிலான தூரம்) சரியாகத்தானே வருகிறது என்கிறீர்கள். வரும், பிட்சைத் தீர்மானிப்பது பற்களின் எண்ணிக்கை, பல்லின் அளவு அல்ல.

வெர்னியரால் கியரின் வெளிவிட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அந்த எண்ணால் விட்டத்தை வகுத்துப் பாருங்கள்; கிடைப்பதுதான் மாட்யூல். மாட்யூல் 1 என்றால் 40 பல்லுக்கு 42 மி.மீ. வரவேண்டும். 44.45 வந்தால் அது அங்குலக் கணக்கில் வெட்டிய 24 டிபி கியர் (டிபி என்பது டயமெட்ரல் பிட்ச், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற அளவு). பழைய கியர் ஒன்றையும் இப்படியே அளந்துவிடுங்கள்.

இரண்டும் ஒத்துப்போனால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பற்களுக்கு நடுவே மெல்லிய தாள் ஒன்றை வைத்து கியரை நெருக்கி இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். அப்புறம் ஸ்பிண்டிலை (லேத்தின் சுழலும் முக்கியத் தண்டை) கையால் சுற்றுங்கள். கியரின் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் இறுகினால், பல்லிடுக்கில் உலோகச் சீவல் சிக்கியிருக்கலாம், அல்லது துளை மையம் விலகியிருக்கலாம்.

ஒன்று கவனம்: விட்டம் சரியாக இருந்தும் அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சாய்வு) மாறலாம், 14.5 டிகிரியா 20 டிகிரியா என்று. இந்த அளவீட்டில் அது தெரியாது. உறுமல் நிற்கும்வரை அந்தக் கியரோடு ஓட்டாதீர்கள், பக்கத்துக் கியர்களையும் தின்றுவிடும்.