வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவர் மாதிரி நீள்கிறது, கிழக்குத் தொடர்ச்சி மலை மட்டும் ஏன் துண்டு துண்டாகக் கிடக்கிறது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: காரணம் ஆறுகள். மேற்குத் தொடர்ச்சி மலை உண்மையில் தக்காணப் பீடபூமியின் உயர்ந்த மேற்கு விளிம்பு. கடல் பக்கம் செங்குத்தாக இறங்கும், கிழக்குப் பக்கம் மெல்லச் சரியும். அதனால்தான் அரபிக்கடலிலிருந்து வெறும் 80 கி.மீ. தூரத்தில், மகாராஷ்டிரத்தின் திரயம்பகேஸ்வரில் பிறக்கும் கோதாவரி, பக்கத்துக் கடலை விட்டுவிட்டு 1,465 கி.மீ. ஓடி வங்கக்கடலுக்குப் போகிறது. கிருஷ்ணா, மகாநதி, பெண்ணாறு எல்லாம் அப்படித்தான் கிழக்கே ஓடுகின்றன, வழியில் நின்ற கிழக்கு மலையைக் கோடிக்கணக்கான வருடங்களாக அறுத்து அறுத்தே வழி போட்டிருக்கின்றன. மேற்கிலும் பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய இடைவெளி உண்டு, கோவைக்காரர்களுக்கு அந்தக் காற்று நன்றாகத் தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கப் பாறையும் ஒரே மாதிரி இல்லை. மகாராஷ்டிரப் பகுதியில் இருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட். நீலகிரிப் பாறைகளோ சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை! அப்புறம், இமயமலை இவற்றோடு பார்த்தால் குழந்தை. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன, அந்த மோதல் இன்னும் நிற்கவில்லை. நில வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு நிறம் அடித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.