வாசகர் கேள்வி – பதில்: வால் நீண்ட பச்சைப் பூச்சி

கேள்வி: இரவில் விளக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிர்பச்சைப் பூச்சி வந்து உட்கார்ந்தது. பின்னிறக்கைகளில் நீண்ட வால். பகல் முழுக்க அசையவில்லை, சர்க்கரைத் தண்ணீரையும் தொடவில்லை. டப்பாவில் வைத்ததும் பழுப்பு முட்டைகள் இட்டது. இது என்ன? முட்டைகளை வளர்க்கலாமா?

பதில்: நிலா அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் ஆக்டியாஸ் செலீன். இறக்கை விரித்தால் 10 முதல் 12 செ.மீ. வரும். வாலை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். முன்னிறக்கை விளிம்பில் கருஞ்சிவப்புக் கோடு, நான்கு இறக்கையிலும் கண்புள்ளி, ஆசியக் காட்டுப் பகுதி மூன்றும் சேரவேண்டும். வட அமெரிக்கக் காடுகளில் இதே சாயலில் திரிவது லூனா என்ற வேறு இனம்.

சர்க்கரைத் தண்ணீர் வீண். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம்போல வாழும். உங்களிடம் வந்தது பெண். ஆணின் உணர்கொம்பு இதைவிட அகன்ற இறகுபோல இருக்கும்.

இணை சேராத பெண்ணும் முட்டை இடும், ஆனால் அவை பொரியாது. கருவுற்றவை சுமார் 8 முதல் 12 நாளில் பொரிக்கும். ஒதியம் அல்லது மருத இலையை முன்கூட்டியே தேடி வையுங்கள். ஒரு மரத்து இலையில் தொடங்கிய புழு பல நேரம் வேறு இலையைத் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும். புழு முதலில் செம்பழுப்பு, பிறகு பச்சை; நான்கு முறை தோலுரிக்கும். அதற்கு முன் ஓரிரு நாள் செத்ததுபோல் கிடக்கும். அப்போது இலை மாற்றுகிறேன் என்று பிடித்து இழுத்தால் கால்பிடி போய்விடும், தோலும் கழலாது. மூடிய கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்தால் புழுக்கள் கழிந்து சாகும். வலை போட்ட பெட்டி போதும். எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள்.

கேள்வி: கூட்டிலிருந்து வந்த பூச்சியின் இறக்கை சுருங்கியே நின்றுவிட்டது. ஏன்?

பதில்: கூட்டை வழவழப்பான டப்பாவில் வைத்திருப்பீர்கள். வெளியே வந்ததும் பூச்சி மேலேறித் தொங்கவேண்டும். தொங்கினால்தான் உடல்நீர் நரம்புகளில் பாய்ந்து இறக்கை விரியும். ஏற இடமில்லாமல் வழுக்கி விழுந்தால் அப்படியே காய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. அடுத்த கூட்டைச் சொரசொரப்பான குச்சியிலோ வலையிலோ கட்டித் தொங்கவிடுங்கள். கீழே 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.