உழாமல் விதைத்தும் விளைச்சல் குறைந்தது ஏன்?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். வருடாவருடம் மக்காச்சோளம்தான். உழாமல் விதைப்பதே நல்லது என்று அமெரிக்காவில் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சோதித்துச் சொல்கிறார்களாமே? நம்பி இரண்டு வருடம் உழவில்லை. தட்டையை மாட்டுக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடமும் விளைச்சல் குறைந்தது. திரும்ப உழுதுவிடலாமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது ஒஹாயோ மாநிலச் சோதனையாக இருக்கும். டிரிப்லெட், வான் டோரன் என்ற இருவர் 1962-இல் வூஸ்டரிலும் அடுத்த வருடம் ஹாய்ட்வில்லிலும் தொடங்கியது. மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பை, கீறி மட்டும் விடும் உளிக்கலப்பை, உழவே இல்லாதது என்று தனித்தனிப் பாத்திகள்.

அந்த இரண்டு ஊரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. வூஸ்டர் மண்ணில் தண்ணீர் நன்றாக வடியும். அங்கே உழாத பாத்தி முந்தியது. ஹாய்ட்வில் சமதளக் களிமண், தண்ணீர் லேசில் வடியாது. அங்கே மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே போட்ட உழாத பாத்திகள் தொடக்க ஆண்டுகளில் பின்தங்கின. பயிரை மாற்றிய பாத்திகளில் அந்த நஷ்டம் வெகுவாகக் குறைந்தது. ஐப்பசி மழையில் உங்கள் கரிசல் எப்படி நிற்கும் என்று யோசியுங்கள்; ஹாய்ட்வில்லுக்குத்தான் அது சொந்தம்.

அப்புறம் தட்டை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர்கள் கதிரை எடுத்துக்கொண்டு தட்டையை நிலத்திலேயே விட்டார்கள். மழை நேரே அடித்து மேல்மண் இறுகாமல் காப்பதும், ஈரத்தைப் பிடித்துவைப்பதும், மண்புழுவுக்குத் தீனியாவதும் அந்தத் தட்டைதான். நீங்கள் உழவையும் நிறுத்தி, போர்வையையும் உருவிவிட்டீர்கள். 610 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2015-ஆம் வருடக் கட்டுரை ஒன்றும் இதையே காட்டுகிறது: உழவை மட்டும் நிறுத்தினால் சராசரியாக விளைச்சல் குறைகிறது; தட்டையை விட்டு, பயிரையும் மாற்றினால் வறண்ட மானாவாரியில் கூடுகிறது.

மாடு வைத்திருப்பவரிடம் தட்டை முழுவதையும் விடச் சொல்ல மனம் வரவில்லை. பாதியையாவது விடுங்கள். இரண்டு ஏக்கரை வழக்கம்போல் உழுதுகொள்ளுங்கள். மூன்றாவது ஏக்கரை ஆறு பட்டையாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று உழாமல் விடுங்கள். விதை, உரம், விதைக்கும் நாள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு வருடம் மக்காச்சோளம், மறு வருடம் உளுந்து. கோரையும் அருகும் மண்டியிருந்தால் முதலில் அதை ஒழித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பட்டையின் மணியையும் காயவைத்துத் தனியாக எடை போட்டு எழுதிவையுங்கள். ஐந்து வருடக் கணக்கு கையில் வரும்வரை மீதி இரண்டு ஏக்கரில் உழவை நிறுத்த வேண்டாம்.