மாடியில் இருக்கும் கணினியை 20 மீட்டர் தள்ளிக் கீழே இருக்கும் டிவியுடன் இணைப்பது எப்படி?

வயர் இழுக்க வழி இருந்தால் வயர்தான். அதிலும் நீள எச்டிஎம்ஐ கேபிள் (கணினிப் படத்தை டிவிக்குக் கொண்டுபோகும் வழக்கமான வயர்) வேண்டாம். சுத்தச் செம்பில் வரும் கேட்-6 லேன் கேபிளும் (இணையத்துக்கு இழுப்பார்களே, அந்த வயர்), லேன் வழியாக எச்டிஎம்ஐ அனுப்பும் எக்ஸ்டெண்டர் பெட்டி ஒரு ஜோடியும் (பக்கத்துக்கு ஒன்று) வாங்குங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மூன்று தடவை பணத்தைக் கொட்டிவிட்டு வந்து சேர்ந்த பதில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இந்தக் காலத்தில் இது எதற்கு, ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டினால் போச்சு" என்று எழுத யாராவது வருவார்கள். யூடியூப் மட்டும் பார்க்க என்றால் அவர்கள் சொல்வது சரிதான். நீங்கள் கேட்பது கணினித் திரை அப்படியே டிவியில் தெரிய வேண்டும் என்று. எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

அப்பா கும்பகோணத்தில் 40 வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். அவர் எடுத்த நெகட்டிவ்களை நான் மாடியில் ஸ்கேன் செய்கிறேன். பெரும்பாலும் 120 ரோல் (அகலமான பிலிம் சுருள்), ரோலுக்குப் பன்னிரண்டு படம். படத்தில் இருப்பது யார், எந்த ஊர்க் கல்யாணம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. படியும் ஏற முடியாது. 43 அங்குல டிவியில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் தலையை லேசாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் மேலே பெயரை அடிப்பேன். கணினியைக் கீழே இறக்கலாமே என்பவர்களுக்கு: ஸ்கேனரும் நெகட்டிவ் பெட்டிகளும் வந்தால் அந்த அறையில் அவருடைய வாக்கர் திரும்ப இடமில்லை.

முதலில் வயர்லெஸ். விண்டோஸ் கீயோடு கே அழுத்தினால் பட்டியலில் டிவி வந்துவிடும். நடுவில் கான்கிரீட் தளம் இருந்ததால் அடிக்கடி அறுந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் காலத்தில் முகச் சுருக்கத்தை மறைக்க நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்வார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தே இது தன் கை, இது உதவியாளர் கை என்று அப்பா பிரித்துவிடுவார். வயர்லெஸ்ஸில் படம் அழுத்திச் சுருக்கப்பட்டுப் போவதால் அந்தக் கோடு மெழுகிப்போய்த்தான் வந்தது.

அடுத்து 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். படிக்கட்டு வழியாக விட்டுச் சோதித்தேன். படம் வரும், கறுப்பாகும், மறுபடி வரும். 4கே (மிகத் தெளிவான படம்), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை) என்றால் நொடிக்கு 18 கிகாபிட் போக வேண்டும். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐயில் அதை 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும்; 20 மீட்டர் அதற்கும் அதிகம்.

மூன்றாவதாக ஆப்டிகல் எச்டிஎம்ஐ, அதாவது செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வழியாகப் படத்தை அனுப்பும் கேபிள். நல்ல பொருள், 4கே வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன். ஒரு முனை கணினிக்கு, மறுமுனை டிவிக்கு என்று அதிலேயே போட்டிருக்கும்; மாற்றிச் செருகினால் படம் வராது. எங்கள் வீட்டில் அதன் தலை முக்கால் இன்ச் பைப்பின் பெண்டில் (வளைவில்) மாட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியன் பலமாக இழுத்தார், உள்ளே கண்ணாடி இழை முறிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு கட்டும்போது சும்மா ஒரு ஒரு இன்ச் பைப் போட்டு வையுங்கள் என்று கான்ட்ராக்டரிடம் நானே நின்று சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

லேன் கேபிளுக்குத் தலை கிடையாது, அதுதான் வசதி. பைப்பில் கிடந்த பழைய டிஷ் வயரின் முனையில் கட்டி இழுத்து, வெளியே வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வண்ண வரிசையில் ஆர்ஜே-45 பிளக்கை அழுத்திப் பொருத்தினோம் (கிரிம்ப்). வாங்கும்போது ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கடைக்காரர் என்ன சொன்னாலும் எடுக்காதீர்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்க வேண்டாம். எக்ஸ்டெண்டர் பெட்டிகளுக்கு நடுவில் ரூட்டர், ஸ்விட்ச் எதுவும் வேண்டாம், நேராக இணையுங்கள். என்னுடையது 1080பி வரைதான். பென்சில் கோடு தெரிகிறது, எனக்கு அது போதும். டிவியை முதலில் போட்டுவிட்டுக் கணினியைப் போடுங்கள். படம் வரவில்லை என்றால் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி, எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். இடி மின்னல் என்றால் இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள், எச்டிஎம்ஐ போர்ட் போனால் செலவு பெரிது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் இருக்கும் வெள்ளிக்காக அதை எடைக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. 2005-இல் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இந்தக் குப்பை எதுக்கு" என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவரே இரண்டு மூட்டையை எடைக்குப் போட்டுவிட்டார். போனவாரம் ஒரு கல்யாண ரோலில் ஏழு படம்தான் இருந்தது. தாலி கட்டும் படம் இல்லை. அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "மிச்சம் அந்த மூட்டையில போயிருக்கும்" என்றார். வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பைப் எத்தனை இன்ச், எத்தனை பெண்டு, 4கே கட்டாயமா என்று கீழே சொல்லுங்கள். தூரத்தை நேர்க்கோட்டில் அளக்காமல் பைப் போகும் வழியில் அளந்து சொல்லுங்கள்.