டிவில பேச 350 வெள்ளி கோர்ஸ் தேவையா? கிளினிக்ல பிரச்சனை வருமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஃப்ளாட்ல இருக்கற சர்க்கரை நோயாளிங்க நாங்க ஒரு சின்ன குழு. எங்க கஷ்டத்தப் பத்தி பேட்டி எடுக்க ஒரு டிவில இருந்து கேட்டுருக்காங்க. நாலு பேரு பேச ரெடி, ஆனா கிளினிக்ல ஓரங்கட்டிருவாங்களோன்னு பயப்படறாங்க. ஒருத்தர் வந்து ஆளுக்கு 350 வெள்ளி குடுத்தா மீடியா ட்ரெய்னிங் தரேன், சர்ட்டிபிகேட் இல்லாம டிவிகாரங்க எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாரு. கட்டலாமா? இல்ல நாங்களே பழக்கிக்கலாமா?

பதில்: கட்டாதீங்க அக்கா. எந்த டிவிகாரனும் எந்த பேப்பர்காரனும் நோயாளிகிட்ட சர்ட்டிபிகேட் கேக்க மாட்டான், தன் கஷ்டத்த தான் சொல்றதுக்கு லைசென்ஸ் எதுவும் வேணாம். இந்த மாதிரி ஆளுங்க மொதல்ல கோர்ஸ்னு வருவாங்க, அப்பறம் ரிப்போர்ட்டர நானே கூட்டிட்டு வர்றேன்னுவாங்க, பேட்டி வெளிவந்ததும் உங்க படத்துக்குக் கீழ ஒரு பேங்க் அக்கவுண்ட் நம்பர் ஓடும், யாரு பேர்லன்னு பாத்தா அவரோட மச்சான் பேர்ல. வந்த காசுல உங்களுக்கு ரெண்டு பை அரிசி, ஒரு மைலோ பாக்கெட், அதையும் நிக்க வச்சி போட்டோ எடுத்துப்பாங்க. வீடு வீடா, தெருத்தெருவா வசூல் பண்ண லைசென்ஸ் வேணும்னு 1947லயே சட்டம் வந்தாச்சு, இவங்க பண்றது ஃபேஸ்புக்ல, யாரு போயி பிடிக்கறது? நன்கொடை கேக்கறதா இருந்தா நோயாளி பேர்ல இருக்கற அக்கவுண்ட் மட்டும், இல்லனா நம்பரே வேணாம்னு சொல்லிருங்க.

கிளினிக் பயத்துக்கு வரேன். டிவில பேசிட்டாங்கன்னு மருந்த நிறுத்தற ரூல் எந்த அரசாங்க கிளினிக்லயும் கெடையாது. ஒரு மிஸ்ஸி, அதான் நர்ஸ், ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கலாம், அவ்ளோதான். மாட்டிக்கறது வேற எடத்துல. காலைல 7 மணிக்கு நம்பர் எடுத்தேன், மதியம் 1 மணிக்குத்தான் கூப்ட்டாங்கன்னு நடந்தத சொல்லுங்க, அந்த டாக்டர் சோம்பேறின்னு பேரச் சொல்லி திட்டாதீங்க, 1957 அவதூறு சட்டம் இருக்கு. கிளினிக்குள்ள அனுமதி இல்லாம கேமராவ கொண்டு போக விடாதீங்க, பஸ் ஸ்டாப்ல எடுக்கட்டும், அங்கதான் உங்க கதையே இருக்கு.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நெஜமாவே கவனம் வேணும், அதான் அரசாங்க வேலை. பேசறவங்க அரசாங்க ஊழியரா இருந்தா, ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாக்கூட, 1993 நடத்தை விதிகள் இருக்கு, அரசாங்கத்தோட திட்டத்த முடிவ குறை சொல்ற மாதிரி வெளிய பேசக்கூடாது. நான் நோயாளியாத்தானே பேசுனேன்னு பின்னாடி வாதாடறது கஷ்டம். புருஷன் அரசாங்க ஊழியர், பேசறது பொண்டாட்டின்னா விதி அந்தம்மாவ கட்டுப்படுத்தாது, ஆனா அவரு பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டு கேமராவுல விழ வேணாம். அரசாங்க ஆஸ்பத்திரில கூட்டற ஆனா கான்ட்ராக்ட் கம்பெனி சம்பளம் வாங்கற அக்காவா? அவங்க அரசாங்க ஊழியரே இல்ல, இந்த விதி ஒட்டாது, ஆனா கம்பெனி வேலைக்கு சேர்த்தப்ப குடுத்த கடுதாசில என்ன எழுதிருக்குன்னு ஒருக்கா பாத்துருங்க. உங்க நாலு பேர்ல யாருக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்கன்னு மொதல்ல கேளுங்க.

பழக்கறதுக்கு ஒரு போனும் சாப்பாட்டு மேசையும் போதும். நீங்க ரிப்போர்ட்டர், அவங்க நோயாளி, ரெக்கார்ட் பண்ணி போட்டுக் காட்டுங்க. ஒவ்வொருத்தரும் எதச் சொல்ல மாட்டேன்னு முன்னாடியே முடிவு பண்ணணும், புருஷன் விட்டுட்டு போனது, மகன் ஸ்கூல நிறுத்துனது, எது வேணாலும். அதக் கேட்டா "அதப் பத்தி பேச விரும்பல"ன்னு சொல்லி நிறுத்தப் பழகணும், மலாய்ல கேட்டா "சாயா தா மாவு ஜாவாப் இத்து", கூட ஒரு வார்த்தை விளக்கம் வேணாம். எழுதாதீங்கன்னு பேசி முடிச்சிட்டு சொல்லி பிரயோஜனம் இல்ல, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்க வைக்கணும். நேரலையா, ரெக்கார்டிங்கான்னும் கேட்டுக்குங்க.

ரெக்கார்டிங்னா அர மணி நேரம் பேசுனாலும் ஒளிபரப்புல சில விநாடிதான் வரும், அழுத எடத்த வச்சிக்கிட்டு பஸ் இல்லாத விஷயத்த வெட்டிருவாங்க. அதனால முக்கியமானத மொதல்ல சொல்லணும், கடைசில மறுபடி சொல்லணும். என்ன முக்கியம்? அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளிக்கு வைத்தியம் பாக்கறோமே, இன்னும் என்ன வேணும்னு மேல இருக்கறவங்க கேப்பாங்க, வருஷா வருஷம் கேட்டு எனக்கு சலிச்சுப் போச்சு. 1 வெள்ளி டாக்டருக்கு, சரி. கால்ல புண்ணு, பஸ் ஏற முடியல, கிராப் டாக்ஸில போக வர எவ்ளோ? சட்டப்படி குறைந்தபட்ச மாச சம்பளம் 1,700 வெள்ளி, வாரத்துல 6 நாள் வேலைன்னா ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. கிளினிக்ல எம்சி, அதான் மருத்துவ லீவு சீட்டு, குடுக்காம வந்துட்டுப் போன நேரம் மட்டும் எழுதுன டைம் ஸ்லிப் குடுத்தா, கிளீனிங் கம்பெனில பாதி நாளா முழு நாளான்னு பாக்காம சம்பளத்த வெட்டிருவான். ஆக அந்த 1 வெள்ளி வைத்தியத்துக்கு அந்தம்மா கையவிட்டு எவ்ளோ போச்சுன்னு அவங்க கணக்க அவங்களே சொல்லட்டும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும், அதுவும் நம்ம தமிழ் ரிப்போர்ட்டர்கிட்ட இருந்தே வரும்: "வாயக் கட்டக்கூடாதா, நம்மாளுங்க தே தாரிக் குடிக்கறத விடவே மாட்டாங்களே?" (தே தாரிக்னா இனிப்பான பால் டீ.) 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு நீரிழிவு, இந்தியர்கள்ல மட்டும் 31.4. இந்த நம்பர நீங்க பேப்பர்ல எழுதி வச்சிக்கிட்டு நீங்களே சொல்லுங்க, நோயாளி வாயில நம்பர் வேணாம், தப்பா சொன்னா அதையே பிடிச்சிக்குவாங்க. நோயாளி சொல்ல வேண்டியது ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி வரும்போது ஃப்ளாட் கீழ என்ன கடை தொறந்துருக்கு, அங்க என்ன கெடைக்குதுன்னு. மன்னிப்பு கேக்கற குரல்ல சொல்லக்கூடாது, அத போன்ல ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாத்தான் காது பிடிக்கும்.

கேமரா வர்றதுக்கு முன்னாடி மேசைல இருக்கற அப்பாய்ண்ட்மெண்ட் புக்க, மருந்துப் பைய எடுத்து அலமாரில வைங்க, ஐசி நம்பர், அதான் அடையாள அட்டை நம்பர், அப்படியே படத்துல விழும். டிவிகாரங்க சம்மத ஃபாரம் நீட்டுனா படிச்சிக் காட்டச் சொல்லுங்க, "எந்தக் காலத்துக்கும் எந்தப் பயன்பாட்டுக்கும்"ன்னு இருந்தா அந்த வரிய பேனாவால அடிச்சிட்டு, இந்த நிகழ்ச்சிக்கு மட்டும்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. சில வருஷம் முன்ன நான் பழக்குன ஒரு அண்ணனோட படத்த ஒரு சங்கம் அவருக்கே தெரியாம அவங்க நன்கொடை விருந்து பேனர்ல போட்டுருந்தாங்க, கேட்டா கையெழுத்து இருக்குன்னாங்க.

ரிப்போர்ட்டர் நம்பர வாங்கி வைங்க. தப்பா வந்தா அன்னிக்கே வாட்சப்ல எழுதி திருத்தம் கேளுங்க, போன்ல கத்துனா நாளைக்கு காட்டறதுக்கு கையில ஒண்ணும் இருக்காது.